பழைய கார்களின் தொழிற்சாலை நிறத்தை மீட்டெடுத்தல்: டர்பன் பட்டறையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பெயின்ட்டை முழுவதும் சுரண்டி எடுத்த பிறகு பழைய நிறத்தைத் தேடுவது, கோலத்தைக் கழுவிவிட்டுப் புள்ளிகளை எண்ண முயல்வதைப் போன்றது. தொழிலுக்கு வந்த புதிதில் நான் இந்தத் தவற்றைச் செய்தேன். மெரிபேங்கைச் சேர்ந்த ஒரு குடும்பம் தாத்தாவின் ஃபோர்ட் கார்ட்டினா காரை என்னிடம் ஒப்படைத்தபோது, துரு எங்கே இருக்கிறது என்பதில் மட்டும் கவனம் வைத்து, இரண்டே நாளில் கதவு, பானெட், பூட் அனைத்தையும் வெறும் தகடாக்கிவிட்டேன். அதன் பிறகே அது எந்தப் பச்சை என்று கேட்டேன். வீட்டில் ஆளுக்கொரு பச்சையைச் சொன்னார்கள். இருந்த புகைப்படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. நிறத்தைப் பற்றிச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே பொருளை நானே தூசாக்கிவிட்டிருந்தேன். அன்று முதல், எந்தப் பழைய கார் வந்தாலும் நிற வேலையை முடித்துவிட்டுத்தான் சாண்ட்பேப்பரைக் கையில் எடுக்கிறேன். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் அமைகிறது.

முதலில்: எந்த நிறத்தைத் தேடுகிறீர்கள்?

ஐம்பது வயதான ஒரு காருக்கு ஒரே நிறம் இல்லை. தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளில் இருந்த நிறம் ஒன்று. இன்று கூரையில் வெயில் தின்று மிச்சம் வைத்திருக்கும் நிறம் ஒன்று. கதவின் கீழ்ப்பகுதியில் நிழலில் தங்கிய நிறம் வேறொன்று. கார் முழுவதையும் மீண்டும் பெயின்ட் செய்யப் போகிறீர்கள் என்றால், வெளிச்சம் படாத இடத்தில் இருக்கும் பழைய நிறமே உங்கள் இலக்கு. ஒரு ஃபெண்டரை மட்டும் சரிசெய்வதானால், அதன் பக்கத்தில் இருக்கும் கதவின் இன்றைய நிறமே இலக்கு. அங்கே தொழிற்சாலை நிறத்தை மிகச் சரியாகக் கலந்து அடித்தாலும் ஃபெண்டர் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, கடையில் கலந்த பெயின்ட் தவறு என்று சண்டைக்குப் போனவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

எண்ணைக் கண்டுபிடித்தல்

பெரும்பாலான கார்களில் நிறத்தின் குறியீடு ஒரு தகட்டிலோ ஸ்டிக்கரிலோ இருக்கும். பழைய டொயோட்டாக்களில் எஞ்சின் அறையின் பின்சுவரில் உள்ள தகட்டில் நிறமும் உள்துணியும் சேர்த்துக் குறிக்கப்பட்டிருக்கும். மெர்சிடிஸில் ரேடியேட்டருக்கு மேலே உள்ள குறுக்குச் சட்டத்தைத் துடைத்துப் பாருங்கள். அந்நிறுவனத்தின் குறியீடுகளில் 040 கறுப்பு, 050 வெள்ளை. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் முன்பக்க மூடிக்குள், ஸ்பேர் வீலை ஒட்டிய பகுதியில் ஒரு சிறு காகித ஸ்டிக்கர் இருந்திருக்கும்; அது பெரும்பாலும் உதிர்ந்து போயிருக்கும். பழைய ஃபோக்ஸ்வாகன் குறியீடுகள் 'எல்' என்ற எழுத்தில் தொடங்குகின்றன: எல் 41 கறுப்பு, எல் 390 கல்ஃப் ப்ளூ, எல் 456 ரூபி ரெட். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் மினி, மாரிஸ் கார்களில் நிறக் குடும்பத்தைக் குறிக்கும் இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் வரும்: ஓல்ட் இங்கிலிஷ் ஒயிட் டபிள்யூடி 3, டார்ட்டன் ரெட் ஆர்டி 9, ஆல்மண்ட் கிரீன் ஜிஎன் 37.

பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒருபோதும் கலக்கச் சொல்லாதீர்கள். 'வெள்ளை பீட்டில்' என்பதற்குப் பொருளே இல்லை. பேர்ல் ஒயிட் எல் 87, லோட்டஸ் ஒயிட் எல் 282, பின்னாளில் வந்த பேஸ்டல் ஒயிட் எல் 90டி ஆகிய மூன்றும் அருகருகே வைத்தால் மூன்று தனித்தனி நிறங்கள். அதிலும் எல் 87-இன் பெயரில் உள்ள 'பேர்ல்' என்ற சொல் இன்றைய இளம் கலவைக்காரர்களைத் தவறான வழிக்கு இழுத்துச் செல்கிறது. முத்துப் பளபளப்புத் தரும் மைக்கா நிறமிகள் கார் பெயின்ட்டில் பரவியது 1980-களில்தான். அதற்கு முந்தைய எல் 87 மினுமினுப்பு எதுவும் இல்லாத வெறும் வெள்ளை.

தென் ஆப்பிரிக்காவில் இருக்கும் நமக்கு மேலும் ஓர் எச்சரிக்கை தேவை. நம் பெரியவர்கள் ஓட்டிய கார்கள் பலவும் இந்த நாட்டிலேயே பொருத்தப்பட்டவை. பீட்டில் 1951 முதல் 1979 வரை யூட்டன்ஹேக்கில், அதாவது இன்றைய கரீகாவில், செய்யப்பட்டது. மெர்சிடிஸ் ஈஸ்ட் லண்டனிலிருந்தும், மினி கேப் டவுனை அடுத்த பிளாக்ஹீத்திலிருந்தும், கொரோலா நம் இசிபிங்கோவை ஒட்டிய ப்ராஸ்பெக்டனிலிருந்தும் வந்தன. உடலை வெல்டிங் செய்து இங்கேயே பெயின்ட்டும் அடித்த கார்களுக்கு, ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ அச்சான நிற அட்டை முழு அதிகாரம் உடையதாகாது. எனவே குறியீட்டைத் தேடலின் தொடக்கமாக மட்டும் கொள்ளுங்கள். தீர்ப்பைக் கார்தான் சொல்ல வேண்டும்.

காரிலேயே ஒளிந்திருக்கும் சாட்சி

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது; ஒரு முழு நாளை இதற்கென்றே ஒதுக்குங்கள். மறுபூச்சு செய்பவர்கள் சோம்பலால் எட்டாத இடங்களும், தொழிற்சாலை முழுமையாகப் பெயின்ட் அடித்த இடங்களும் எங்கே சந்திக்கின்றனவோ அங்கே தேட வேண்டும். கதவின் உள்அட்டைக்குப் பின்புறம், பின்விளக்கின் ரப்பருக்கு அடியில், கண்ணாடி ரப்பரின் மடிப்புக்குள், பூட் பூட்டின் தகட்டுக்குக் கீழே, பெட்ரோல் மூடியின் உட்புறம், டாஷ்போர்டின் அடிப்பகுதி ஆகியவை நல்ல இடங்கள். பீட்டிலில் முன்பக்க மூடிக்குள் இருக்கும் அட்டை விரிப்பைக் கவனமாக எடுத்தால், உள்ளங்கை அகலத்துக்குப் பழைய நிறம் அப்படியே கிடைக்கும். ஆனால் எஞ்சின் அறையை நம்பாதீர்கள். சூடும் எண்ணெய்ப் புகையும் அங்கே நிறத்தை மாற்றிவிடும். பல தொழிற்சாலைகள் அங்கே மெல்லிய பூச்சோடு நிறுத்திக்கொண்டதும் உண்டு.

கிடைத்த நிறம் தொழிற்சாலையுடையதுதானா என்பதை அடுக்குகளைத் திறந்து உறுதிசெய்ய வேண்டும். ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள இடத்தில் 600 எண் ஈரச் சாண்ட்பேப்பரால் வட்டமாகத் தேய்த்துத் தகடு வரை சென்று, விளிம்புகளை 1000, பிறகு 2000 எண் தாளால் மெருகேற்றுங்கள். மரத்தின் வளையங்களைப் போல ஒவ்வொரு பூச்சும் தனித்தனி வளையமாகத் தெரியும். தகட்டில் இருந்து வெளிப்பக்கமாகப் படியுங்கள்: முதலில் தொழிற்சாலை ப்ரைமர், அதற்கு மேல் தொழிற்சாலை நிறம், அதன் பிறகு வருவதெல்லாம் பிற்காலத்தவை. பூச்சின் தடிமனை அளக்கும் கருவி இருந்தால் முன்பே வைத்துப் பாருங்கள். தொழிற்சாலைப் பூச்சு சுமார் 100 மைக்ரானை ஒட்டியிருக்கும். 250, 300 என்று காட்டினால் மேலே ஒன்றிரண்டு மறுபூச்சுகள் ஏறியிருக்கின்றன. அதற்கும் மேலே போனால் உள்ளே புட்டி இருக்கிறது. அந்தக் காலப் பெயின்ட்டிலும் ப்ரைமரிலும் ஈயம் கலந்திருக்கும். அதனால் உலர்ந்து தேய்க்காமல் தண்ணீர் ஊற்றியே தேய்க்க வேண்டும், குழந்தைகளை அருகில் விடக்கூடாது, வேலை உடையோடு வீட்டுச் சமையலறைக்குள் போகக்கூடாது.

வெளிப்பகுதியில் மாதிரி எடுக்க வேண்டியிருந்தால், வெளுத்துச் சுண்ணாம்பு போலான மேல்தோலை கட்டிங் காம்பவுண்டால் நீக்கிய பிறகே நிறத்தைப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஒட்டினால் அது கிளியர் கோட், அதாவது நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு, இல்லாத ஒற்றைப் பூச்சு என்பதும் அதே நேரத்தில் தெரிந்துவிடும்.

இனி, நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட ஒன்று. வெயில் படாத இடம் எப்போதும் உண்மை பேசும் என்று நினைப்பது தவறு. ஆல்கைடு எனாமல் வகை வெள்ளையும் கிரீமும் ஆண்டுக்கணக்கில் இருட்டில் அடைபட்டுக் கிடந்தால் மஞ்சளடித்துப் போகும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு 1960-களின் பீட்டில் வந்தது, மேலே யாரோ வெளிர்நீலம் அடித்திருந்தார்கள், ஸ்டிக்கர் இல்லை. க்ளோவ் பாக்ஸ் மூடியின் உட்புறத்தில் கிடைத்த நிறத்தைப் பார்த்தால் நெய் கலந்த கிரீம். வீட்டுப் பெரியம்மாவோ, 'எங்க அய்யா வாங்கினது பால் வெள்ளை வண்டி' என்று உறுதியாகச் சொன்னார். மூடியைக் கழற்றி ஜன்னல் ஓரத்தில், பகல் வெளிச்சம் படும்படி பத்து நாள் வைத்தேன். மஞ்சள் மெல்ல மெல்ல இறங்கி, சாம்பல் ஓடிய வெள்ளை வெளியே வந்தது. பெரியம்மாவின் நினைவு சரி; என் அவசரம்தான் தவறாகியிருக்கும். கழற்றக்கூடிய பாகத்தில் வெள்ளை நிற மாதிரி கிடைத்தால் இந்தப் பத்து நாளைத் தயவுசெய்து செலவிடுங்கள்.

பழைய பெயின்ட் எந்த இனத்தைச் சேர்ந்தது?

நம் ஊரில் கார் பெயின்ட் எதுவானாலும் அதை 'டூக்கோ' என்றே சொல்கிறோம். அது 1920-களில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் கொண்டுவந்த நைட்ரோ செல்லுலோஸ் லாக்கரின் வணிகப் பெயர். 1924-ஆம் ஆண்டின் ஓக்லாந்து கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் அதைப் பயன்படுத்தியது. அதற்குப் பின் சூட்டில் இறுக்கும் எனாமல்கள், அக்ரிலிக் லாக்கர்கள், 1980-களில் பரவலான அடிநிறமும் கிளியர் கோட்டும் என்று பெயின்ட் பல தலைமுறைகளைக் கண்டுவிட்டது. ஒரு வெள்ளைத் துணியில் லாக்கர் தின்னரை நனைத்து மறைவான இடத்தில் மெதுவாக அழுத்துங்கள். நிறம் உடனே கரைந்து துணிக்கு வந்தால் அது லாக்கர். சுருங்கிக் கொப்புளித்தால் முழுதாக இறுகாத எனாமல். எதுவும் ஆகாவிட்டால் சூட்டில் இறுகியதோ, ஹார்டனர் கலந்து இறுக வைக்கும் பிற்கால 2கே பெயின்ட்டோ ஆகும்.

இந்த இனம் தெரிந்தால் என்ன பயன்? 1950-கள், 60-களின் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் பலவற்றில் ஈயக் குரோமேட் நிறமிகள் இருந்தன. அவை அடர்த்தியாக மூடும்; இதமான, மண் கலந்த வெப்பம் உடையவை. இன்றைய கடைகளில் அவற்றின் இடத்தில் ஈயமற்ற நிறமிகளே உள்ளன. பழைய குறியீட்டுக்கு இன்றைய கணினி தரும் கலவை வேறு பொருள்களால் அதே நிறத்தைக் கட்டியெழுப்புகிறது. பகலில் பொருந்திய இரண்டு சிவப்புகள் பட்டறையின் குழல்விளக்குக்குக் கீழே பிரிந்து நிற்பது இதனால்தான். இந்தக் குணத்தை நிற வல்லுநர்கள் மெட்டாமெரிசம் என்கிறார்கள். பழைய கார் வேலையில் பேய் போலத் துரத்துவது இதுவே.

கருவியின் துணை

பெயின்ட் கடைகளில் உள்ள ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர், மாதிரியின் மீது வெளிச்சத்தைப் பாய்ச்சித் திரும்பி வருவதை அளந்து, தன் சேமிப்பில் உள்ள கலவைகளில் மிக நெருங்கியதை எடுத்துக் கொடுக்கிறது. அதை முழுமையாகப் பயன்படுத்த, மாதிரி தட்டையாகவும், மெருகேற்றியதாகவும், மெழுகும் விரல்ரேகையும் இல்லாததாகவும் இருக்க வேண்டும். வளைந்த இடத்தில் வைத்தால் பக்கவாட்டு வெளிச்சம் கசிந்து அளவு பிசகும். மூன்று முதல் ஐந்து இடங்களில் அளந்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள். மெட்டாலிக் நிறமானால் பல கோணங்களில் அளக்கும் கருவி கட்டாயம் வேண்டும். 15, 45, 110 பாகை போன்ற கோணங்களில் ஒரே பெயின்ட் வேறு வேறு முகம் காட்டுவதை ஒற்றைக் கோணக் கருவியால் அறிய முடியாது.

கழற்றக்கூடிய பாகம் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்வதே நல்லது. புகைப்படத்தை அனுப்பி நிறம் கலக்கச் சொல்வது வீண் வேலை. கேமராவும் திரையும் நிறத்தைத் தங்கள் விருப்பப்படி திருத்திக்கொள்கின்றன.

கலத்தல், மாதிரி அட்டை, திருத்தம்

ஒரு குறியீட்டுக்குப் பெயின்ட் நிறுவனங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட கலவைகளை வைத்திருக்கும்: மூலக் கலவை, சற்று மஞ்சள் ஓடியது, சற்றுக் கருத்தது என்று. கடைக்காரரிடம் எல்லா மாற்று அட்டைகளையும் கேட்டு வாங்கி, மாதிரியோடு ஒட்டிவைத்துப் பார்த்து, மிக நெருங்கியதில் இருந்து தொடங்குங்கள். முதலில் 100 கிராம் மட்டும் கலக்கச் சொல்லுங்கள். லிட்டர் கணக்கில் வாங்கிவிட்டுத் திருத்துவது காசுக்கும் மனதுக்கும் கேடு.

டப்பாவில் உள்ள ஈரப் பெயின்ட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. குச்சியில் தொட்டுக் காட்டுவதும் உதவாது. காரில் எந்த ஸ்ப்ரே கன், எந்த நாசில், எந்தக் காற்றழுத்தம், எத்தனை பூச்சு வரப்போகிறதோ அதே முறையில் ஓர் அட்டையில் அடித்து, முழுவதும் காய்ந்த பிறகே ஒப்பிட வேண்டும். கறுப்பு வெள்ளைக் கட்டம் அச்சிட்ட அட்டையே சிறந்தது. கட்டம் கண்ணுக்குத் தெரியாமல் மறையும் வரை எத்தனை பூச்சு தேவைப்பட்டது என்று அட்டையின் பின்புறம் எழுதுங்கள். சிவப்பும் மஞ்சளும் எளிதில் மூடுவதில்லை. அவற்றுக்கு அடியில் இருக்கும் ப்ரைமரின் சாம்பல் அடர்த்தியே நிறத்தை மாற்றிவிடும். ஆகவே அட்டைக்கும் காருக்கும் ஒரே ப்ரைமரைப் பயன்படுத்துங்கள்.

வேறுபாடு தெரிந்தால், கலவையில் ஏற்கெனவே இருக்கும் டின்டர்களை, அதாவது நிறம் தரும் மூலப் பெயின்ட்டுகளை, மட்டுமே கூட்டித் திருத்துங்கள்; புதிய நிறமியை உள்ளே விட்டால் மெட்டாமெரிசத்தைக் கையைப் பிடித்து அழைத்து வந்ததாகும். முதலில் கேட்க வேண்டிய கேள்வி: மாதிரியைவிட இது வெளிறியதா, கருத்ததா? அடுத்து: எந்தப் பக்கம் சாய்கிறது, மஞ்சளா நீலமா, சிவப்பா பச்சையா? கடைசியாக: தெளிவாக இருக்கிறதா, மங்கலா? ஒரு முறைக்கு ஒரு டின்டர் மட்டும், 100 கிராமுக்கு 0.1 அல்லது 0.2 கிராம் அளவில், தராசில் நிறுத்துச் சேருங்கள். வெள்ளைகளில் ஒரே ஒரு துளி மஞ்சள் ஆக்சைடு கூடினாலும் திரும்பி வர வழியில்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் புது அட்டை, புது எண், எடைக் குறிப்பு. அந்தப் பீட்டிலுக்கு நான் பதினோரு அட்டை அடித்தேன். ஏழாவது அட்டையே சரி என்பது பதினோராவதை அடித்த பிறகுதான் தெரிந்தது. குறிப்பு எழுதியிருந்ததால் திரும்பிப் போக முடிந்தது.

வெளிச்சத்தில் ஒப்பிடுதல்

பூமியின் வட பாதியில் வாழ்பவர்கள் எழுதிய நூல்கள் வடக்கு ஜன்னலின் வெளிச்சத்தில் நிறம் பார்க்கச் சொல்கின்றன. டர்பனில் அதைப் பின்பற்றினால் நேரடி வெயில் கண்ணில் அடிக்கும். நமக்குச் சூரியன் பெரும்பாலும் வடக்குப் பக்கமாகவே நகர்வதால், நிழலான, மாறாத வானவெளிச்சம் தெற்குப் பக்கத்தில் கிடைக்கிறது. காலை ஒன்பது மணிக்குப் பிறகு, மாலை மூன்று மணிக்கு முன்பு, மெல்லிய மேகம் மூடிய நாளில் பட்டறையின் தெற்கு வாசலில் வைத்துப் பாருங்கள். மாமரத்தடி நிழல் வேண்டாம். இலைப் பச்சை நிறத்தில் கலந்துவிடும். செங்கல் சுவரும், நீங்கள் உடுத்திய சிவப்புச் சட்டையும் அப்படியே.

அட்டையை மாதிரியோடு இடைவெளி இல்லாமல் ஒட்டி, ஒரே சாய்வில் நிறுத்துங்கள். இடையில் ஒரு கோடு விழுந்தாலும் கண் அந்த வேறுபாட்டை மன்னித்துவிடும். நேராக ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை, ஒன்றரை மீட்டர் தள்ளி ஒரு முறை, சில வினாடிகள் மட்டும் பாருங்கள். நெடுநேரம் உற்றுப் பார்த்தால் கண் களைத்து இரண்டும் ஒன்று என்றே சொல்லும். பிறகு பட்டறை விளக்கிலும், இரவில் மஞ்சள் பல்பின் கீழும் பாருங்கள். எல்லா வெளிச்சத்திலும் பொருந்தாவிட்டால் பகல் வெளிச்சத்துக்கே முன்னுரிமை கொடுங்கள், ஏனெனில் கார் அங்கேதான் பார்க்கப்படும். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளடிக்கும். அதனால் நீலம், வெள்ளை விஷயங்களில் என் மகளின் கண்ணையும் கேட்காமல் நான் முடிவெடுப்பதில்லை.

மெட்டாலிக் நிறங்கள்

1970-களின் வேலியன்ட் போன்ற கார்களில் வந்த வெண்கலம், வெள்ளி, நீல மெட்டாலிக்குகள் தனிப் பொறுமையைக் கேட்பவை. அலுமினியச் செதில்களின் பருமனை முதலில் பொருத்துங்கள்; உருப்பெருக்கிக் கண்ணாடியில் பழைய செதில்கள் நொறுங்கிய சோளப்பொரி போல ஒழுங்கற்றுத் தெரியும்; இன்றைய உருண்டை விளிம்புச் செதில்கள் அதிகம் மின்னுகின்றன. செதில் பொருந்தாமல் நிறத்தை மட்டும் திருத்திப் பயனில்லை. அடிக்கும் கையும் நிறத்தை மாற்றும்: உலர்வாக அடித்தால் நேர்ப்பார்வையில் வெளிறும், ஈரமாக அடித்தால் கருக்கும். எனவே அட்டை அடித்தவரே காரையும் அடிக்க வேண்டும். ஒரு பாகத்தை மட்டும் செய்யும்போது, பக்கத்துப் பாகத்தின் மீதும் நிறத்தைப் படிப்படியாக மங்கவிட்டுக் கலப்பதே நேர்மையான வழி.

காரில் அடிக்கும்போது

1960-களின் திட நிறக் காருக்கு அடிநிறமும் கிளியர் கோட்டும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நிறம் சரியாக இருந்தாலும் கண்ணாடிக்குள் வைத்ததைப் போன்ற ஆழம் அந்தக் காலத்துக்குப் பொருந்துவதில்லை. ஒற்றைப் பூச்சு 2கே அடித்து, காய்ந்த பின் இலேசாக மெருகேற்றினால் பழைய முகம் திரும்புகிறது. டர்பனின் கோடைக் காற்றில் ஈரம் மிகுதி. லாக்கர் அடித்தால் வெண்புகை படிந்து நிறம் வெளுக்கும். மழைக்கு முந்தைய புழுக்க நாட்களைத் தவிர்த்து, மே முதல் ஆகஸ்ட் வரையிலான உலர்ந்த மாதங்களில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். 2கே பெயின்ட்டின் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். வெளியிலிருந்து குழாய் வழியே காற்றுத் தரும் முகமூடி இல்லாமல் வீட்டு கராஜில் அதை அடிக்கவே கூடாது.

வேலை முடிந்ததும் ஏழாம் எண் அட்டையைப் போன்ற உங்கள் இறுதி அட்டையின் பின்புறத்தில் குறியீடு, டின்டர்களின் எடை, ப்ரைமர், கன் அழுத்தம், தேதி ஆகியவற்றை எழுதி, வெளிச்சம் புகாத உறையில் இட்டு க்ளோவ் பாக்ஸில் வையுங்கள். தொழிற்சாலைப் பூச்சில் உள்ளங்கை அளவு இடத்தை எங்காவது தொடாமல் விட்டுவையுங்கள். அந்தப் பீட்டிலில் முன்பக்க அட்டை விரிப்புக்குப் பின்னால் அப்படி ஓர் இடத்தை விட்டுவைத்து, சுற்றிலும் டேப்பை ஒட்டி, 'இதைச் சுரண்டாதீர்கள்' என்று எழுதியிருக்கிறேன்.